மெல்லிய கார்னியாவும் ஒரு மழைக்கோட்டும்

லென்ஸைக் கழற்றிவிட்டால், என் கை விரல்களை மூக்குக்கு நேரே கொண்டுவந்தால்தான் அவை ஐந்தாகத் தெரியும். கையை நீட்டினால் போச்சு, எல்லாம் ஒரே மாவுருண்டை. இரண்டு கண்ணிலும் பவர் எண்ணூறைத் தாண்டும், அதாவது மைனஸ் எட்டுக்கு மேல். கல்யாணமாகி மூன்று வருஷமாக இதை என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வைத்திருந்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதையாக இருக்கிறதே என்பீர்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. சிகாமட்டில் பள்ளிக்கூடம் படித்த காலம் முழுக்க என் பேர் சோடாபுட்டிதான். கல்யாண வயது வந்ததும் முதலில் பெண் பார்க்க வந்த குடும்பம், "பொண்ணு நல்லாத்தான் இருக்கு, கண்ணாடிதான் ரொம்ப தடிப்பா இருக்கு. நாளைக்குப் பொறக்கறதுக்கும் அப்படியே வந்துட்டா?" என்று சொல்லிவிட்டுப் போனது. போகும்போது எங்கள் வீட்டுக் கேசரியை ஒரு கரண்டிகூட மிச்சம் வைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

இரண்டாவதாக வந்தவர்தான் இவர். அன்று அம்மா என்னை லென்ஸ் போட்டுக்கொள்ளச் சொன்னார். தனியாகப் பேசும்போது இவர், "கண்ணு பவரா?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்றேன். அந்தக் 'கொஞ்சம்' என்ற ஒரு வார்த்தையைத்தான் மூன்று வருஷமாகக் கட்டிக் காத்தேன்.

காப்பாற்றுவது அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை. நாங்கள் ஜொகூர் பாருவில் இருக்கிறோம். அவருக்குச் சிங்கப்பூரில் ஏர்கான் பழுது பார்க்கும் வேலை. விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில், இரண்டு நாட்டுக்கும் நடுவிலுள்ள பாலத்தைத் தாண்டப் போய்விடுவார். நான் எழுந்திருக்கும்போது பெரும்பாலும் வீட்டில் இருக்க மாட்டார். இரவில் விளக்கை அணைத்த பிறகுதான் லென்ஸைக் கழற்றுவேன். கண்ணாடி குளியலறையில் சோப்புத்தூள் பாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைத் தடவிக்கொண்டே குளியலறைக்குப் போய் லென்ஸைப் போட்டுக்கொண்டுதான் மனுஷியாவேன்.

புதிதில் அவருடைய டூல்ஸ் பையில் இரண்டு தடவை முட்டிக்கொண்டேன். பிறகு வீடு பழகிவிட்டது. ஒரு நாள்கூட எங்கும் இடித்துக்கொண்டது கிடையாது. அம்மா வீட்டுக்குப் போனால் மட்டும் கால் கட்டைவிரல் பெயராமல் திரும்ப மாட்டேன். என் வீட்டில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன் என்று ஆபீஸில் பெருமையடித்திருக்கிறேன். இத்தனைக்கும் அவரைப் போல ஒரு குப்பை மனுஷன் கிடையாது. வேலை முடிந்து வந்தால் ஹெல்மெட் ஒரு பக்கம், பூட்ஸ் ஒரு பக்கம், சார்ஜர் வயர் நடைவழியில் குறுக்கே. "இது வீடா, மாட்டுக் கொட்டகையா?" என்று தினமும் கத்துவேன். காலையில் எல்லாம் சுத்தமாக இருக்கும். என் கத்தலுக்கு அந்த மட்டும் பயம் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரே ஒரு தடவைதான் மானம் போகப் பார்த்தது. கல்யாணமான முதல் மாதம். மழைச் சத்தத்தில் விழித்துப் பார்த்தால், அறைக்கதவு அருகே உயரமாக, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் நிற்கிறார்.

"இன்னும் கெளம்பலையா? மழையா இருக்கு, பாத்துப் போங்க. பாலத்துல வேகமா போவாதீங்க" என்றேன். பதிலே இல்லை. எனக்குச் சுருக்கென்று வந்தது. "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று எழுந்து கிட்டே போனேன். கதவாணியில் தொங்கிய அவருடைய மழைக்கோட்டு.

நல்லவேளை, அவர் கிளம்பிப் போயிருந்தார். போர்வைக்குள் புகுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். செத்தாலும் இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். மறுநாளிலிருந்து அந்தக் கோட்டு வாசலுக்கு வெளியே தொங்க ஆரம்பித்தது. தரையெல்லாம் சொட்டுகிறது என்று அவர் சொன்னார்.

போன வருஷக் கடைசியில் என் ஆபீஸ் தோழி ஒருத்தி லேசர் செய்துகொண்டு, கண்ணாடி இல்லாமல் ராணி மாதிரி வந்து நின்றாள். அன்றைக்கே என் மனசும் முடிவாகிவிட்டது. லேசர் செய்துவிட்டால் அந்தக் 'கொஞ்சம்' உண்மையாகிவிடும். எனக்குள் இருக்கும் அந்தச் சோடாபுட்டி, அவர் கண்ணில் படாமலே போய்விடுவாள். கண் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். கார்னியாவை அளந்து பார்த்துத்தான் முடியுமா முடியாதா என்று சொல்வார்களாம். கார்னியா என்பது கருவிழிக்கு மேலே மூடியிருக்கும், நிறமில்லாத மெல்லிய படலம். லென்ஸ் அதை அழுத்தி உருவத்தை மாற்றிவிடுவதால், அளப்பதற்கு முன் இரண்டு வாரம் லென்ஸே போடக் கூடாது என்றார்கள்.

அலமாக்! இரண்டு வாரமா?

அந்த இரண்டு வாரமும் அம்மா வீட்டில் இருந்துவிடலாம் என்று லீவு எடுத்துப் பையும் கட்டினேன். கிளம்ப இருந்த அன்று அம்மா போன் செய்தார். "ஆத்துல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. நாங்களே செடெனாக்குக்கு, ஒன் அண்ணன் வீட்டுக்குப் போயிக்கிட்டு இருக்கோம். நீ வேற வந்து நிக்காத." மழைக்கும் என் மேல் என்ன பகையோ.

முதல் நாள் லென்ஸும் இல்லாமல் கண்ணாடியும் இல்லாமல் வீட்டைச் சமாளித்தேன். சாயங்காலம் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். முழுசாகக் குடித்தார். "இன்னிக்கு டீ ஒரு மாதிரி வித்தியாசமா இருக்கு" என்றார். என் டம்ளரை வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது, போட்டிருந்தது உப்பு.

இனி முடியாது என்று குளியலறைக்குப் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நேரே போய் நின்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "சரி, அந்த ஊறுகாய எடு" என்றார்.

"நல்லா பாத்தீங்களா? எவ்வளவு தடிப்புன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். ஊறுகா ஒன் பின்னாடி இருக்கு."

பாட்டிலை டொக்கென்று வைத்தேன். லேசர் விஷயம் முழுவதையும் கோபத்தோடு கொட்டினேன். "பண்ணணும்னு தோணுனா பண்ணிக்க. பண்ணாட்டியும் எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். மூன்று வருஷம் நான் உயிரைக் கொடுத்துக் காத்ததற்கு ஒண்ணுமில்லையாம். அந்த இரண்டு வாரமும் பகலில் கண்ணாடியோடு திரிந்தேன். ஆனாலும் படுக்கும்போது அதைக் கொண்டுபோய் சோப்புத்தூளுக்குப் பின்னாலேயே வைத்தேன். லேசர் முடிந்ததும் தூக்கிப் போடப்போகிற பொருள், அங்கேயே கிடக்கட்டும் என்று இருந்தேன்.

சோதனைக்கு அவர்தான் காரில் அழைத்துப் போனார். கண்ணில் மருந்து விட்டால் நான் ஓட்ட முடியாது. அங்கிருந்த பெண், ஒரு கருவியில் என் முகவாயை வைத்து நெற்றியை ஒட்டிக்கொள்ளச் சொன்னாள். பச்சை வெளிச்சத்தையே பார்க்க வேண்டும், இமைக்கக் கூடாது. என் கண் ஒரு வண்ணப் படமாகத் திரையில் வந்தது. டாக்டர், என் அம்மா வயதுச் சீனப் பெண்மணி. அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிப்பிஸ்" என்றார் மலாயில். மெல்லிசு.

பிறகு பொறுமையாக விளக்கினார். லேசர் என்பது கார்னியாவைச் செதுக்குகிற வேலை. பவர் கூடக் கூட அதிகமாகச் செதுக்க வேண்டும். எனக்கோ பவர் அதிகம், கார்னியா பிறவியிலேயே மெல்லிசு. செதுக்கிய பிறகு மிஞ்சுவது தாங்காது, நாளடைவில் புடைத்துப் பார்வையே கெட்டுவிடலாம். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கிற வழி ஒன்று உண்டு, அதற்கு வேறு சோதனைகள் வேண்டும், அவசரமில்லை என்றார். "லேசர் செய்ய நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் மகளாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்" என்றார். நல்ல மனுஷி. அவர் மேல்கூட எனக்குக் கோபப்பட முடியவில்லை.

காரில் ஏறியதும் அழுதேன். வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பினார்.

"இனிமே ஆயுசுக்கும் இந்த மூஞ்சிதான் ஒங்களுக்கு" என்றேன்.

"இந்த மூஞ்சிக்கு என்ன கேடு?"

அதற்கும் அழுதேன். வழியில் நிறுத்தி, வெட்டிய அன்னாசிப்பழம் வாங்கி வந்து மடியில் வைத்தார். அழுதுகொண்டே முழுவதையும் நானே தின்றேன்.

அன்று கண்ணாடியைக் கொண்டுபோய் மறைத்து வைக்கவில்லை. இனி யாருக்காக மறைப்பது? கழற்றித் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடிவதற்கு முன் ஏதோ சத்தம் கேட்டு விழிப்பு வந்தது. வெளியே மழை. கை தானாகக் கண்ணாடியைத் தேடி மாட்டியது. அந்த வீட்டில் அந்த நேரத்தை நான் தெளிவாகப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

திறந்திருந்த அறைக்கதவுக்கு வெளியே, வேலைக்குக் கிளம்பத் தயாராக அவர் நின்றுகொண்டிருந்தார். போனைத் தரைப் பக்கமாக வெளிச்சம் காட்டிப் பிடித்திருந்தார். குனிந்து பூட்ஸை எடுத்துச் சுவரோரம் வைத்தார். வயரைச் சுருட்டினார். டூல்ஸ் பையைத் தூக்கி மேசைக்கு அடியில் தள்ளினார். முக்காலியை நகர்த்தினார். பாதி திறந்து கிடந்த அலமாரிக் கதவைச் சத்தமில்லாமல் மூடினார். பிறகு கட்டிலிலிருந்து குளியலறைவரை, வெறுங்காலால் தரையைத் தடவித் தடவி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ முழிச்சிருக்கியா? ஒண்ணுமில்ல. வழியில கெடந்துச்சு."

"எத்தன நாளா?"

தலையைச் சொறிந்தார். "நீ என் ரெயின்கோட்டுகிட்ட பேசுனியே, அன்னிலேருந்து."

எழுந்து உட்கார்ந்தேன். "அப்ப நீங்க வீட்டுலயா இருந்தீங்க?"

"குசினியில, அடுப்புகிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். கொட்டுற மழையில ரெயின்கோட்டு இல்லாம எங்க போறது?"

மூன்று வருஷத்தில் இது எனக்கு உறைக்கவே இல்லை. "ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ மறைக்கணும்னு ஆசப்பட்ட. மறைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். விழாம இருந்தா போதும்" என்றார். பிறகு சிரித்தார். "ஆனா ஒண்ணு. அன்னிக்கு அந்தக் கோட்டுகிட்ட எவ்வளவு அன்பா பேசுன! அதான் கொண்டுபோயி வெளிய மாட்டிட்டேன்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்தேன். நேரமாகிவிட்டது என்று விடுவித்துக்கொண்டு ஓடினார்.

கண்ணாடியோடு வாசல்வரை போய் நின்றேன். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து மோட்டாரை வெளியே தள்ளினார்.

"மழையா இருக்கு, பாத்துப் போங்க. பாலத்துல வேகமா போவாதீங்க" என்றேன்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தார். தெருவிளக்கில் அவர் முகம் முழுதாகத் தெரிந்தது.

"என்கிட்டயா சொல்ற, கோட்டுகிட்டயா?"

"ஒங்ககிட்டதான்" என்றேன்.