மச்சானுக்கு ஒரு பக்க விளக்கம்

மும்பை தாராவியில் அந்த வாரம் ஓடிய செய்தி இது: ஏஜென்ட் முத்திரை இல்லாமல் போடுகிற மனைவி விசா மனுவை ஆஸ்திரேலியாவில் திறந்துகூடப் பார்ப்பதில்லையாம், வந்த சூட்டோடு குப்பையில் தள்ளிவிடுகிறார்களாம். மனு போவதே கம்ப்யூட்டர் வழியாக, அதை எந்தக் குப்பைத்தொட்டியில் தள்ளுவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. செய்தி அவ்வளவு நன்றாக இருந்தது.

பரீஹாவுக்கு மட்டும் அது நன்றாக இல்லை. அவள் கணவன் இனாயத்துல்லா அடிலெய்டு நகரத்தில் ஒரு ஓட்டலில் சமையல்காரன். அங்கேயே நிரந்தரமாக இருக்க அனுமதி வாங்கிவிட்டவன். கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்தான், இருந்தான், போனான். அடுத்த வருஷம் பெருநாளுக்கு வந்தான், போனான். மற்ற நாளெல்லாம் போனில் குடித்தனம். இப்போது அவளை அங்கே அழைத்துக்கொள்ள மனு போட வேண்டும். அரசாங்கத்துக்குக் கட்டுகிற கட்டணமே மூச்சை அடைக்கும். மறுத்துவிட்டால் கட்டினதும் போச்சு, காத்திருந்த காலமும் போச்சு. இதில் ஏஜென்டையும் வைத்துக்கொள்வதா, தாங்களே போட்டுவிடுவதா என்பதுதான் அந்த வீட்டில் சோற்றோடு சேர்த்துப் பிசையப்பட்ட கேள்வி.

"நம்மளே போடலாம்ட்டி. எல்லாம் வெப்சைட்ல கிளியரா இருக்கு" என்றான் இனாயத்துல்லா. டென்ஷன் வேண்டாம் என்று சொல்லி மனிதர்களை டென்ஷன் ஆக்குவதில் அவன் கெட்டிக்காரன்.

பரீஹா அப்படி எதையும் வாய் வார்த்தைக்கு நம்புகிறவள் இல்லை. தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் தோல் பை தைக்கிற ஒரு பட்டறையில், அங்கத்திய பேச்சில் கர்கானாவில், அவளுக்கு செக்கிங் வேலை. தைத்து முடித்த பைகள் அவள் முன்னால் வந்து விழும். ஜிப்பை இழுத்து மூடி, திறந்து, மறுபடி மூடி, தையலை நகத்தால் நிமிண்டிப் பார்த்து, பிசிர் நூலை வெட்டி, அதற்கு அப்புறம்தான் பெட்டிக்குள் விடுவாள். அவள் திருப்பி அனுப்பிய பைகளை நினைத்தாலே தையல்காரர்களுக்கு முதுகு வலிக்கும். அந்தக் கை ஒரு வதந்தியை மட்டும் சும்மா விடுமா?

முதலில் பக்கத்து கோலி, அதாவது பக்கத்து ஒற்றை அறை வீட்டு, சபுராவைப் பிடித்தாள். "ராத்தா, ஏஜென்ட் இல்லாட்டி தொறக்கவே மாட்டாங்கன்னு உங்களுக்கு ஆரு சொன்னா?"

"ஆரு சொன்னா என்ன, நெசந்தானே? மொபைல் கடை அல்தாப் சொன்னான். அவன் பூராவும் நெட்லயே கெடக்கிறவன்."

அல்தாப் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "நெட்ல எங்க பாத்தேன்? உங்க மாமிதான் ரீசார்ஜ் போட வந்தப்ப சொன்னாங்க. நான் ரெண்டு பேருக்குத்தான் ஃபார்வர்ட் பண்ணேன்."

மாமி என்றால் இனாயத்துல்லாவின் உம்மா. பரீஹாவோடு ஒரே கோலியில் இருப்பவள். அரிசி களைந்துகொண்டிருந்த மாமியிடம் போய் நின்றாள்.

"மாமி, அந்த விசா விஷயம் உங்களுக்கு ஆரு சொன்னது?"

"நீதாம்ட்டி சொன்ன!"

"நானா?"

"போன வெள்ளிக்கிழம. 'ஏஜென்ட் இல்லாம போட்டா தொறந்து பாப்பாங்களா மாமி'ன்னு கேட்டல்லா?"

"கேட்டேன் மாமி. சொல்லலியே."

"கேட்டா என்ன, சொன்னா என்ன. நீ கேக்கிற கேள்வில ஒரு அர்த்தம் இருக்கும்லா" என்று மாமி அரிசித் தண்ணீரை வடித்தாள்.

ஆக, பரீஹாவின் கேள்வி தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, போகிற வழியில் கேள்விக்குறியைத் தொலைத்துவிட்டு, அதிகாரபூர்வமான செய்தியாக வீடு திரும்பியிருந்தது. வதந்தி ஒழிந்தது. ஆனால் அது கொண்டுவந்து போட்ட பயம் போகவில்லை. கேள்வியும் பழையபடி அப்படியே கிடந்தது. ஏஜென்ட் என்ன செய்வான் என்று இழுத்து மூடிப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது.

செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு இரண்டாம் மாடியில் பிரம்மநாயகம் விசா ஆபீஸ் வைத்திருந்தார். அம்பாசமுத்திரத்துப் பூர்வீகம், பிறந்து வளர்ந்ததெல்லாம் திலக் நகர். தமிழ் பேசுவார், படிக்கச் சொன்னால் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார். முதல் சந்திப்புக்குக் காசில்லை. "கல்யாணம் நெசமானதுன்னு காட்டணும்மா, அதுதான் இதுல உயிரு. போட்டோ குடுங்க, நீங்க ரெண்டு பேரும் பேசின சாட் குடுங்க. சாம்பிளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் ஆக்கிப் பாத்துட்டு, கேஸ் எப்படின்னு சொல்றேன்" என்றார்.

பரீஹாவும் இனாயத்துல்லாவும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிறவர்கள். மாட்டுங்காவிலிருந்து வரும் மாலதி என்கிற பெண்தான் அந்த ஆபீசில் மொழிபெயர்ப்பு. மாலதிக்கு நல்ல இங்கிலீஷ். தமிழும் நல்ல தமிழ்தான், ஆனால் அது மாட்டுங்கா மாமிகளின் தமிழ்.

அடுத்த வாரம் போனபோது பிரம்மநாயகம் எழுந்துபோய்க் கேபின் கதவைச் சாத்தினார். மூலை மேஜையில் மாலதி கம்ப்யூட்டரைக் கும்பிடுகிற மாதிரி குனிந்திருந்தாள்.

"தங்கச்சி, கேக்கலாமா கூடாதான்னு தெரியல. உங்க வீட்டுக்காரருக்கு அண்ணன் தம்பி உண்டா?"

"இல்ல அண்ணாச்சி. ஒத்தப் புள்ள."

"உங்களுக்கு அக்கா? அக்கா வீட்டுக்காரர்?"

"அக்காவே கெடையாது. ஏன்?"

அவர் தாளைத் தூரப் பிடித்துப் படித்தார். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லும்போது குரல் இறங்கிக்கொண்டே போனது. "'பிரதர் இன் லா, சாப்பிட்டீங்களா.' சரி, இது பரவால்ல. 'பிரதர் இன் லா, அந்த மஞ்சச் சட்டை வேண்டாம், எனக்குப் பிடிக்கல.' இதையும் விட்டுடலாம். 'பிரதர் இன் லா, நீங்க இல்லாம ஊரே வெறிச்சுன்னு இருக்கு, சீக்கிரம் வாங்க.'" தாளைக் கீழே வைத்தார். "பூராவும் இந்த பிரதர் இன் லா கூடத்தான் பேசியிருக்கீங்க. புருஷன்கூட ஒரு வரி இல்ல. இந்த ஆள் யாரும்மா? உங்க வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியுமா?"

பரீஹாவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பு வந்த வேகத்தில் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகிறாள் என்று நினைத்து மாலதி தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, மச்சானைப் போயி... எங்க ஆளுகள்ல புருஷனத்தான் மச்சான்னு கூப்புடுவோம்! மச்சான்னா என் மாப்ள அண்ணாச்சி!"

"சார்," என்றாள் மாலதி, பாட்டிலைப் பிடித்தபடி, மிகுந்த பொறுப்போடு. "மாப்பிள்ளைன்னா சன் இன் லா."

பிரம்மநாயகம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, ஒரே புருஷனுக்கு ஊர்ல உள்ள எல்லா உறவையும் குடுத்து வச்சிருக்கீங்க?"

"வேற என்ன சொல்லிக் கூப்புட? பேர் சொல்லியா?" அந்த யோசனையே பரீஹாவுக்கு அசிங்கமாக இருந்தது.

சிரித்து முடித்ததும் வேறொன்று உறைத்தது. "அண்ணாச்சி, நீங்க தமிழாளு. உங்களுக்கே இப்படித் தோணிச்சே, அங்க உக்காந்திருக்கவன் என்ன நெனப்பான்?"

"அதத்தான் நானும் யோசிக்கேன்." பிரம்மநாயகத்தின் பேச்சில் அம்பாசமுத்திரம் திரும்பிவிட்டிருந்தது, வெட்கப்படும்போது அவருக்கு அப்படித்தான். கொஞ்சநேரம் பேனாவை உருட்டினார். "தங்கச்சி, உள்ளதச் சொல்லுதேன். உங்க கேஸ்ல சிக்கலே இல்ல. ரெண்டு பேருக்கும் மொதக் கல்யாணம். முன்னால எந்த விசாவையும் மறுத்ததில்ல, போலீஸ் கேஸ் இல்ல. சிக்கல் இருந்தா எங்கிட்ட வாங்க, நாலு வாசல் தட்டுவேன். இதுக்கு நான் செய்யப்போறது ஃபாரத்தை நிரப்புறது ஒண்ணுதான். அதை உங்க மச்சானே செய்வாரு. நீங்க ஒரு பக்கம் எழுதுங்க, மச்சான்னா யாருன்னு. அதையும் சேத்துப் போடுங்க. அதை நான் எழுதினா இன்னொரு பிரதர் இன் லா உள்ள பூந்துருவான்."

அன்று மத்தியானம் முழுக்க மாலதியும் பரீஹாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாள்களைத் திருத்தினார்கள். பாதியில் மாலதி மெல்லக் கேட்டாள்: "எனக்கு நிச்சயம் ஆயிருக்கு. அவரை ஹலோன்னுதான் கூப்பிடறேன். மச்சான்னு கூப்பிட்டா நன்னாருக்குமோ?"

"கூப்ட்டுப் பாருங்க. அப்புறம் ஹலோ ஒட்டாது" என்றாள் பரீஹா.

கிளம்பும்போது பீஸ் எவ்வளவு என்று கேட்டாள். பிரம்மநாயகம் கையை ஆட்டிவிட்டார். "கேஸே எடுக்கல, எதுக்கு பீஸ்? நான் உங்களப் பத்தி நெனச்ச நெனப்புக்கு நாந்தான் தரணும்."

"ஓசி நமக்கு ஆகாது அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே அவள் கண் நாற்காலி முதுகில் தொங்கிய அவருடைய தோல் பைக்குப் போனது. பை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஜிப்பின் ரன்னர், அதுதான் பிடித்து இழுக்கிற அந்தச் சின்ன உலோகத்துண்டு, ஒரு பக்கப் பல்லை விட்டு நழுவியிருந்தது. "இதை நான் சரிபண்ணித் தாரேன்" என்று பதிலுக்குக் காத்திராமல் ரன்னரைக் கழற்றிக்கொண்டு, பைக்கு ஒரு பெரிய ஊக்கைக் குத்திக் கொடுத்தாள். "ரன்னர் மட்டும் மாத்தினாப் போதும். முழு ஜிப்பையும் பிரிக்கிறது தொழில் தெரியாதவன் வேல."

தாராவியில் இதற்குள் புதுச் செய்தி வந்துவிட்டது: ஏஜென்டே கையை விரித்து அனுப்பிவிட்டானாம், கேஸ் அவ்வளவு மோசமாம். வேலை வேண்டாம் என்று சொன்ன ஏஜென்ட் ஒருவன் உண்டு என்பதைவிட இது நம்புவதற்கு எளிது. பரீஹா மறுக்கவில்லை. மறுத்தால் அது என்னவாகத் திரும்பி வருமோ.

விளக்கப் பக்கத்தை அவள் தமிழில் சொல்லச் சொல்ல, இனாயத்துல்லா போனுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷில் தட்டினான்: எங்கள் ஊர் முஸ்லிம் குடும்பங்களில் மனைவி கணவனை மச்சான் என்று அழைப்பாள். மாமன் மகனும் மச்சான்தான், அக்கா முறைக்காரியின் கணவனும் மச்சான்தான். ஆனால் அவர்களுடைய சட்டையின் நிறத்தைப் பற்றி நான் கருத்துச் சொல்வதில்லை.

"கடைசி வரி வேண்டாம்ட்டி. கவர்மென்ட் ஆபீசு."

"அந்த வரிதான் சாட்சி. போடுங்க மச்சான்."

போட்டான். ஒவ்வொரு பக்கத்தையும் அவள் திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் அனுப்புகிற பட்டனை அழுத்த விட்டாள்.

மாதங்கள் போயின. ஒருநாள் கர்கானாவில், மடியில் பாதி பார்த்த பையோடு இருந்தபோது இனாயத்துல்லாவிடமிருந்து மெயிலின் படம் வந்தது. விசா கொடுத்துவிட்டார்கள். பெயரில் ஒவ்வொரு எழுத்தையும், பாஸ்போர்ட் எண்ணையும் சரிபார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பரீஹா தன் உம்மாவுக்குப் போன் போட்டாள். அன்று அவள் கையிலிருந்து ஒரு பைகூடத் திரும்பிப் போகவில்லை. தையல்காரர்கள் அவளுக்குக் காய்ச்சலோ என்று பார்த்தார்கள்.

பயணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மாமி பெட்டிக்குள் கருப்பட்டியை ஒளித்துவைக்கிறாள், பரீஹா எடுத்து வெளியே வைக்கிறாள். எல்லாம் சந்தோஷமாகத்தான் போகிறது, அந்த ரன்னரைத் தவிர. தாராவியில் இல்லை, குர்லாவில் இல்லை, கிராஃபர்ட் மார்க்கெட்டிலும் இல்லை. ஏதோ பழைய மாடல்.

ரன்னர் கிடைக்காத விஷயத்தைச் சொல்லப் பரீஹா போன் போட்டபோது பிரம்மநாயகம், "ஸ்டேஷன் வாசல்ல ஒருத்தன் இருக்கான், முழு ஜிப்பையும் மாத்திருதேன், விடுங்க தங்கச்சி" என்றார்.

"தொடாதீங்க அண்ணாச்சி! நாந்தான் தாரேன்னு சொல்லியிருக்கேன்லா?"

இரவு இனாயத்துல்லா வீடியோவில் கேட்டான்: "வந்ததும் மொதல்ல எங்க கூட்டிட்டுப் போகட்டும்? பீச்சுக்கா?"

பரீஹா கைப்பையின் உள் அறையில் அந்தப் பழைய ரன்னரைப் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, திறந்து, மறுபடி மூடினாள்.

"அங்க ஜிப் சாமான் விக்கிற கடை எங்க இருக்குன்னு பாத்து வைங்க, மச்சான்."

செம்பூரில் அந்தப் பை இன்னும் ஊக்கோடுதான் ஆபீசுக்கு வந்துபோகிறது.