காலையில் மடங்காத விரல்கள்

ஸ்ரீபெரும்புதூரில் பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில், வேறு இரண்டு பெண்களோடு ஓர் அறையில் குடியிருந்தேன். மூவருக்கும் மூன்று ஷிப்ட். நான் எழும்போது ஒருத்தி வேலையில் இருப்பாள். இன்னொருத்தி போர்வைக்குள் இருப்பாள். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுகளாகச் சேர்க்கும் கம்பெனியில் எனக்கு வேலை. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தேன். எங்கள் யாரிடமும் செல்போன் இல்லாத காலம்.

ஒரு நாள் காலையில் வாசல் குழாயைத் திருக முடியவில்லை. இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன.

"இன்னாமா, பைப்ப புடிச்சிகினு நிக்கிற?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"கை மடங்க மாட்டேங்குக்கா."

"நாள்பூரா ஒயர இழுத்துகினு இருந்தா வேற இன்னா ஆவும்? வெந்நீர்ல வையி." குழாயைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்.

நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடந்தாலும் குறையவில்லை. காலையில் கட்டை போல இருக்கும் விரல்கள் மதியத்துக்குள் இளகிவிடும். அதனால் சூப்பர்வைசரிடம் காட்டும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. "நல்லாத்தானே இருக்கு?" என்பார். கம்பெனியில் கொடுத்த வலி மாத்திரை அன்றைய பொழுதை ஓட்டியது, அவ்வளவுதான்.

கடைசியில் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்து, ரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்தார்.

"கூட யார் வந்திருக்கா?"

"யாரும் இல்ல டாக்டர்."

டாக்டரம்மா நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டார்.

"இது வேலையால வந்ததில்லம்மா. கிருமி வந்தா அழிக்கறதுக்கு ரத்தத்துல அணுக்கள் இருக்கு. உனக்கு அதுங்க மூட்டுக்குள்ள இருக்கற மெல்லிய சவ்வையே கிருமின்னு நினைச்சுத் தாக்குது. தாக்கற அணுக்கள் ஒரு ரசாயனத்தைச் சுரந்து இன்னும் பல அணுக்களைக் கூப்பிடுது. சவ்வு தடிச்சு வீங்குது. விட்டா எலும்பையே அரிக்கும். விடியக்காலைல அந்த ரசாயனம் அதிகமாகும். அதான் எழுந்ததும் விறைப்பு."

"எனக்கு ஏன் டாக்டர்?"

"அது முழுசா யாருக்கும் தெரியாது."

வாரத்துக்கு ஒரு முறை மட்டும் சாப்பிடும் மாத்திரை தந்தார். அதைச் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது, கல்யாணம் பேசினால் முன்கூட்டியே வந்து சொல்ல வேண்டும் என்றார்.

திரும்பும் பேருந்தில் செம்பரம்பாக்கம் தாண்டும்போது அழுகை வந்தது. அதுவரை கோபப்பட ஒயர் கட்டும் வேலை இருந்தது, சூப்பர்வைசர் இருந்தார். இப்போது என் ரத்தத்தையே நான் யாரிடம் போய்க் குறை சொல்வது?

எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன்.

"ஏட்டி, ஒரு நல்ல எடம் வந்திருக்கு. பொங்கலுக்கு வா."

"லீவு கெடைக்காதும்மா."

மாத்திரை போட்ட மறுநாள் குமட்டும். வீக்கம் வடிய மாதக்கணக்கானது. அதற்குள் ஒரு காலையில் கம்பெனிச் சீருடைச் சட்டைப் பொத்தானோடு நான் போராடுவதைப் பார்த்த அறைத்தோழி, போர்வையிலிருந்து எழுந்து வந்து எல்லாப் பொத்தான்களையும் போட்டுவிட்டாள். எதுவும் கேட்காமல் மறுபடி படுத்துக்கொண்டாள். அன்று பேருந்தில் நெடுநேரம் அவளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வந்த இடம் கைவிட்டுப் போனது. அம்மா கிளம்பி வந்து ஒரு வாரம் என் பக்கத்தில் படுத்திருந்தாள். தூக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொள்வாள். வலிக்கும். நான் சொல்லவில்லை.