ரெஜினா அக்கா காதில் விழுந்தவை

போன வாரம் கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று போன் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது ஒரு பெண் குரல். அழுத்தினேன். புகாருக்கு இன்னொன்றை அழுத்தச் சொன்னது. அதையும் அழுத்தினேன். கொஞ்ச நேரம் வீணை வாசித்துவிட்டு, மறுபடியும் தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஏளா, நீ யாருளா?" என்று கத்திவிட்டேன். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மெஷினோடு சண்டை போடுகிற வயசு அத்தைக்கு வந்துவிட்டது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டிருப்பாள்.

அந்தக் குரலைக் குறை சொல்லக் கூடாது, நல்ல குரல்தான். ஆனால் போனில் குரல் என்றால் எனக்கு ரெஜினா அக்கா குரல்தான்.

பி.காம். முடித்த கையோடு கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்குக் கரையில் ஆகவேண்டிய காரியங்களை எல்லாம் முடித்துக் கொடுக்கிற ஆபீஸ். உள்ளே நுழைந்தால் முந்திரிக்கொட்டைச் சாக்கு வாசனை, உப்புக்காற்று வாசனை, இரண்டுக்கும் மேலே ஒரு மல்லிகை வாசனை. மல்லிகை எங்கேயிருந்து வருகிறது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. அந்தக் காலத்தில் வாரம் ஒரு முறை ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆபீஸில் உள்ள போன்களை எல்லாம் துடைத்து, பேசுகிற இடத்தில் சென்ட் அட்டை ஒன்றை ஒட்டிவிட்டுப் போவாள். இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்புங்கள், அப்படி ஒரு தொழில் இருந்தது.

அத்தனை போனும் ரெஜினா அக்கா உட்கார்ந்திருந்த டெலிபோன் போர்டில்தான் வந்து சேரும். அவள் ஒயரை எடுத்து ஓட்டையில் செருகினால்தான் உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் பேச முடியும். மணப்பாட்டுப் பக்கம் கடற்கரைக் குடும்பம். மொடமொடவென்று தேய்த்த வாயில் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. "வணக்கம், சொல்லுங்க" என்று அவள் சொல்வதைக் கேட்டால், சண்டை போட வந்தவர்கூட முதலில் ஒரு நிமிஷம் சௌக்கியம் விசாரிப்பார்.

மேனேஜர் தனசிங் சார் எங்கள் ஜில்லா நாசரேத்துக்காரர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, இங்கிலீஷில் ஒரு பிழை இருக்காது. என் இங்கிலீஷில் பிழை தவிர வேறொன்றும் இருக்காது என்பதால் எனக்கு அவரைக் கண்டாலே நடுக்கம். சிரித்துப் பார்த்ததில்லை. குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். மத்தியானம் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ போனில் பேசுவார்.

நான் சேர்ந்த சில மாதத்தில் முந்திரிக்கொட்டை கொண்டுவரும் ஒரு கப்பல் எங்கள் கையைவிட்டுப் போனது. நாங்கள் போனில் சொன்ன ரேட்டுக்குக் கொஞ்சம் கீழே போட்டு எதிர்க் கம்பெனி வாங்கிவிட்டது. எங்கள் ரேட் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? முதலாளி கத்தினார். தனசிங் சார் நேரே போர்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

"உன் அண்ணன் அந்தக் கம்பெனியிலதான வேலை பாக்கான்?"

"ஆமா சார். ஆனா நான் ஒண்ணும் சொல்லல."

"வேற யாருக்கு இங்கன எல்லாம் கேக்குது?"

அவ்வளவுதான் விசாரணை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அக்காவைப் போர்டிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார். வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதைவிட மோசமாகச் செய்தார்கள். பழைய ஃபைல்கள் கிடக்கிற மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார்கள். வேலை ஒன்றும் கொடுக்கவில்லை. சும்மா இருந்து சலித்துத் தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள் என்ற எண்ணம்.

போர்டில் என்னை உட்காரவைத்தார்கள். அந்தக் கூத்தைச் சொன்னால் மானம் போகும். ஒருநாள் கஸ்டம்ஸ் அதிகாரியையும் முதலாளியின் மாமியாரையும் இணைத்துவிட்டேன். இரண்டு பேரும் மரியாதைக்காரர்கள், பாவம். யார் என்று கேட்கக் கூச்சப்பட்டு வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து கூப்பிடுகிறவர், மாலத்தீவுக்குத் தோணி விடுகிறவர், எல்லோருக்கும் என் குரலைக் கேட்டதும் முதல் கேள்வி, "ரெஜினா இல்லையா?" என்பதுதான். இருக்கிறாள், பத்தடி தள்ளி, சுவரைப் பார்த்தபடி.

அவளோடு யாரும் பேசவில்லை. டீ கொண்டுவருகிறவர் அந்தப் பக்கம் திரும்புவதை விட்டுவிட்டார். நான் மட்டும் மத்தியானம் அவளோடு சாப்பிட்டேன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. ஆபீஸில் பெண்கள் என்று நாங்கள் இரண்டு பேர்தான், சாப்பிட இருந்ததும் ஒரே இடம். அக்கா வீட்டுக் குசினியிலிருந்து வருகிற மாசிக் கருவாட்டுச் சம்பலுக்கு நான் அடிமை என்பதையும் மறைக்கக் கூடாது.

"வேற எங்கயாவது வேலைக்குப் போயிரலாம்லக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போனா, சொன்னவ அவதான், அதான் ஓடிட்டான்னு ஆயிரும்ளா. தங்கச்சிக்குப் பேசின இடத்துலயே ஒரு மாதிரியா கேக்காவ. நான் இங்கனதான் இருப்பேன்."

இருந்தாள். நேரத்துக்கு வந்து, அதே மொடமொடப்புப் புடவையில், முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, நேரத்துக்குப் போனாள். அழுது நான் பார்த்ததில்லை.

மழைக்காலம் முடிந்த சமயம் மரம் ஏற்றி வந்த ஒரு கப்பலும் அதே மாதிரி கைநழுவியது. அக்காவோ போர்டில் இல்லை. அப்போதாவது அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். முதலாளிக்கு அது தோன்றவில்லை. அடுத்த ஆளைத் தேடினார். மேனேஜர் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பேசுகிறார் என்று யாரோ அவர் காதில் ஓதினார்கள். எதிர்க் கம்பெனிக்கும் பாளையங்கோட்டையில் ஒரு ஆபீஸ் இருந்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் வந்து உட்கார்ந்த நேரம் முதலாளி ஹாலுக்கு வந்தார். "தினசரி கதவைப் பூட்டிக்கிட்டு யார்கிட்ட வேய் பேசுதீரு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அத்தனை வருஷம் வேலை பார்த்த மனிதரை அப்படிக் கேட்பார் என்று யாரும் நினைக்கவில்லை.

தனசிங் சார் தன் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. முதலாளி என் பக்கம் திரும்பினார். எனக்கு நம்பர் தெரியும், அது யாருடையது என்று தெரியாது. லைன் கொடுத்ததும் தீயைத் தொட்டதுபோல் கையை எடுத்துவிடுவேன், அவரிடம் அவ்வளவு பயம்.

மூலையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ரெஜினா அக்கா எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும் சார். வருஷக்கணக்கா நான்தான் அந்த லைன் போட்டுக் குடுத்தேன். அது அந்தக் கம்பெனி இல்ல."

"பின்ன யாரு?"

"அத நான் சொல்ல மாட்டேன். கம்பெனிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, மாதா மேல சத்தியம். அதுக்கு மேல கேக்காதிய."

"சொல்லலன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"சரி சார்," என்று கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். சாதாரணமாக ஆபீஸ் விட்டு வீட்டுக்குக் கிளம்புவதுபோல.

அப்போதுதான் தனசிங் சார் பேசினார். அவர் அப்படித் தமிழில் தழுதழுத்து நான் கேட்டதே இல்லை. "அது ஆஸ்பத்திரி சார். என் வீட்டுக்காரி அங்கதான் இருக்கா. மனசு சரியில்ல. ரொம்ப வருஷமாச்சு." பிறகு அக்காவைப் பார்த்தார். ரகசியம் காக்கத் தெரியாதவள் என்று அவர் எழுப்பிவிட்ட அதே பெண். அவர் வாழ்க்கையில் ஒளித்துவைத்திருந்த ஒரே விஷயம் இத்தனை வருஷமும் அவளிடம்தான் பத்திரமாக இருந்திருக்கிறது. மூலையில் உட்காரவைத்த பிறகும் ஒரு மூச்சு விட்டதில்லை, மாசிச் சம்பல் தின்ற என்னிடம்கூட.

அவர் மெதுவாக நடந்து போய் மூலையில் கிடந்த அந்த நாற்காலியைத் தூக்கினார். ஃபைலைக்கூட ஆள் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிற மனிதர். ஹால் நீளத்துக்கும் அதைச் சுமந்து வந்து போர்டுக்கு முன்னால் போட்டார். "நான் உனக்கு அநியாயம் பண்ணிட்டேன்மா," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. நான் அலறியடித்து எழுந்து இடம் விட்டேன்.

ரேட்டை வெளியே விட்டது முதலாளி அறையிலேயே கிடக்கிற அவர் மச்சினன்தான் என்பது பிறகு தெரிந்தது. கிளப்பில் சீட்டு விளையாடும்போது பெருமையில் உளறியிருக்கிறான். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை, ஒரு பெரிய டப்பா முந்திரி மக்ரூன் அனுப்பினார். அக்கா அதை ஆபீஸ் முழுக்கப் பங்குவைத்தாள். தான் ஒன்றுகூட எடுக்கவில்லை. எனக்கு மட்டும் கை நிறையக் கிடைத்தது, கூச்சமில்லாமல் தின்றேன்.

"அந்த ஆளு மேல உனக்குக் கோவமே வரலையாக்கா?"

"வராம இருக்குமா? நல்லா வந்துச்சு. ஆனா ஆஸ்பத்திரில கெடக்க அந்தம்மா எனக்கு என்னளா செஞ்சாவ?"

அதற்குப் பிறகு தனசிங் சார் கதவைச் சாத்தவில்லை. மத்தியானம் போர்டுப் பக்கம் வந்து நின்று, "ரெஜினா, பாளையங்கோட்டை" என்பார். அக்கா லைன் போட்டு, நர்ஸிடம் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, "அம்மா இன்னிக்கு நல்லா சாப்பிட்டாவளாம் சார்" என்று சொல்லி ரிசீவரை அவர் கையில் கொடுப்பாள்.

இன்றைக்குத் தனசிங் சாரும் இல்லை, அவர் மனைவியும் இல்லை. ஆபீஸ் இருந்த இடத்தில் கார் விற்கிறார்கள், கண்ணாடிச் சுவர் வைத்து. அக்கா உடம்பு முடியாமல் கிடந்தபோது கடைசியாகப் போய்ப் பார்த்தேன். "போர்டுல எவ்வளவு கேட்டிருப்ப, ஒண்ணாவது சொல்லேன்," என்று வம்புக்கு இழுத்தேன். எத்தனை வீட்டுக் கல்யாணம், எத்தனை கப்பல், எத்தனை பேர் கண்ணீர் அந்த ஒயர் வழியாகப் போயிருக்கும்!

"எல்லாம் மறந்துபோச்சுளா," என்று சிரித்தாள். மறந்திருக்க மாட்டாள், எனக்குத் தெரியும். போன தவக்காலத்தில் அவள் போனபோது ஊரில் பாதிப் பேருடைய கதைகளும் கூடவே போய்விட்டன. அவை என்னென்ன என்று சொல்ல இப்போது ஒருவரும் இல்லை.