மனுசியும் நானும் ஏறிய மலை

இன்று வெள்ளாங்குளம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தாள். மடியில் ஒரு புத்தகம். வாசித்து வாசித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

எட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பத்து வரிதான், மிச்சமெல்லாம் வெள்ளை.

"பிள்ளை, அச்சடிச்சவன் உம்மை நல்லா ஏமாத்திப்போட்டான்" என்றேன்.

"இல்லை அங்கிள், இது கவிதையிலை கதை. அம்மா செத்த பிள்ளை ஒண்டு மலை ஏறுது. வெள்ளையா இருக்கிறது அவள் மூச்சு வாங்கிற இடம்."

மலை என்றால் நான் சும்மா இருப்பேனா? என் மனுசியோடு சிவனொளிபாதமலை ஏறிய கதையை எடுத்துவிட்டேன். வழியில் சிறுத்தை வந்ததையும், நான் முறைத்ததும் அது திரும்பிப் போனதையும் கேட்டு முன்சீட்டுக்காரரே திரும்பிவிட்டார்.

பிள்ளை கேட்டாள்: "உச்சியிலை நிண்டு அன்ரி என்ன சொன்னவா?"



நாங்கள் உச்சிக்குப் போகவேயில்லை. பாதி வழியில் அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் குந்திக்கொண்டு, "அடுத்த வருசம் வருவம், என்னப்பா" என்றாள். திரும்பிவிட்டோம். ஊரில் நான் இந்தச் சிறுத்தைக் கதையை அளந்தபோதெல்லாம் பக்கத்தில் நின்று "ஓம், ஓம்" என்று தலையாட்டினாள். போன மாசியில் அவளும் போய்விட்டாள்.

"குளிருது எண்டவா" என்று மட்டும் பிள்ளைக்குச் சொன்னேன்.

உச்சிக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் கீழே கொமெண்டில் எழுதுங்கோ, அங்கே நின்றால் என்ன தெரியும்? பொய் கலக்க வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.