பின்னறையில் கடவுளைத் தேடியவன்

கடவுளைத் தனக்குள் தேட வேண்டும் என்று நாலு புத்தகம் படித்துவிட்டு, காதில் இயர் பிளக் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் நான். நான் வேலை பார்க்கும் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் இரைச்சலுக்காகக் கொடுத்தது அது. ஷிப்டில் ஒரு நாளும் போட்டதில்லை. அங்கே செவிடாவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நெய்வேலி குவார்ட்டர்ஸின் பின்னறையில் தினமும் காலையில் செல்போனை அணைத்து, கதவைச் சாத்திக்கொள்வேன். "சாமி அந்த ரூம்ல மட்டுந்தான் இருக்குதா? ரேஷன் கடை கியூவுல இல்லியா?" என்பாள் என் மனைவி செல்வி. பாவம், ஞானம் போதாது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் அதிசயமாக அடங்கியது. கடவுள் வந்தேவிட்டார் என்று நம்பினேன். பூரிப்போடு வெளியே வந்தால், சமையலறைத் தரையில் செல்வி கிடந்தாள். வாய் கோணியிருந்தது. குரல் எழும்பாமல், என்னைக் கூப்பிட ஒரு தட்டைத் தரையில் தட்டியிருக்கிறாள். இடது கை இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

"உடனே கொண்டாந்திருந்தா வலது பக்கத்தைக் காப்பாத்தியிருக்கலாம். வீட்டுல யாரும் இல்லீங்களா?" என்றார் டாக்டர்.

எனக்குள் தேடியதில் அகப்பட்டது நான் மட்டும்தான். அந்த ஆளை நம்பி அதிக தூரம் போக முடியாது. அவள் கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும்; இப்போது என் பிரார்த்தனை அவ்வளவுதான். அந்த அளவுக்கான சாமி எனக்குப் போதும்.

ஒரு நாள் வெந்நீரில் துணி நனைத்து அவள் உடம்பைத் துடைத்தபடி, இதையெல்லாம் உருகி உருகிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, குழறும் வாயால் சொன்னாள்:

"தண்ணி ஆறிக்கினு போவுது. சீக்கிரம் தொடைங்க."