பிட்ஸ்பர்க் தோற்ற ஞாயிறுகள்

எமரி வார்கோ கிளீவ்லண்டுக்குப் பக்கத்து லோரெய்ன் நகராட்சியில் பனி வாரும் லாரி ஓட்டினார். பனி இல்லாத மாதங்களில் சாலைக் குழிகளுக்குத் தார் போட்டார். பேச்சு குறைவு. குடித்தாலும் குரல் உயராது. நான் பீர் ஊற்றும் மதுக்கடைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார், கிளீவ்லண்ட் அணியின் ஆட்டம் பார்க்க; பந்தைக் கையால் எறிந்து, ஆளை முட்டித் தள்ளி ஆடும் அமெரிக்க ஃபுட்பால். அந்த மூன்று மணி நேரத்தில்தான் அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. ஏரிக்கரையில் பிறந்தவனுக்கு கிளீவ்லண்டை விட்டால் வேறு அணி ஏது? அது தோற்பது எங்களுக்குப் பழகிவிட்டது. பரம எதிரி பிட்ஸ்பர்க் ஜெயிப்பதைத்தான் பொறுக்க முடியாது.

அவருடைய ஒரே மகன் நீல் அந்தப் பிட்ஸ்பர்க்குக்கே ஆடப் போனான். நீல் லைன்மேன். பந்தைத் தொடுவது அவன் வேலையில்லை. குவார்ட்டர்பேக் பந்தை எறிகிற வரைக்கும் அவனைக் கவிழ்க்க வருகிற முரடர்களை நெஞ்சு கொடுத்துத் தடுக்க வேண்டும், அவ்வளவுதான். டிவியில் லைன்மேன் பெயரைச் சொன்னால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம். கல்லூரி முடித்தபோது எந்த அணியும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிட்ஸ்பர்க் மட்டும் பயிற்சிக்கு வந்து பார் என்றது. சில வருடம் பெஞ்சைத் தேய்த்த பிறகு வலது ஓரத்து இடம் அவனுக்குக் கிடைத்தது. அவன் அம்மா ரோஸலி பிட்ஸ்பர்க் சட்டை ஒன்று வாங்கி வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொண்டாள். எமரி அதுவும் செய்யவில்லை. மகன் ஆட்டத்தைப் பார்ப்பார், நன்றாக ஆடினான் என்பார், அதோடு சரி.

சிக்கல் ஒரு கோடையில் தொடங்கியது. கிளீவ்லண்ட் தன்னுடைய குவார்ட்டர்பேக்கைப் பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய அடுத்த வருட முதல் சுற்றுத் தேர்வை, அதாவது புது ஆளைப் பொறுக்கும் முறையை, வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு வசந்தத்திலும் அணிகள் கல்லூரிப் பையன்களை வரிசையாகப் பொறுக்கும். முந்தைய பருவத்தில் அதிகம் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. பிட்ஸ்பர்க்கின் முறை இப்போது எங்கள் கையில். அவர்கள் எத்தனை தோற்கிறார்களோ அத்தனை நல்ல பையன் எங்களுக்கு.

அக்டோபருக்குள் கிளீவ்லண்ட் வழக்கம்போல் படுத்துவிட்டது. அப்புறம் கடையில் எங்கள் ஆட்டத்தை யாரும் சீந்தவில்லை. ரோஸலியின் தம்பி வாரன்தான் பெரிய டிவியைப் பிட்ஸ்பர்க் ஆட்டத்துக்கு மாற்றச் சொன்னான். எங்கள் அணி மூலையில் இருந்த சின்ன டிவிக்குப் போனது. பொரித்த மீனும் பீரும் முன்னால் இருக்க, நாற்பது பேர் உட்கார்ந்து அடுத்தவன் தோற்க வேண்டிக்கொண்டார்கள். சொந்த அணி ஜெயித்தபோதுகூட அப்படி ஒரு குதூகலத்தை நான் அங்கே பார்த்ததில்லை.

எமரியை எல்லோரும் சீண்டினார்கள். வாரன்தான் அதிகம்.

"மச்சான், உன் பையன்கிட்ட சொல்லி வை. ஒரு நாலு தடவ கண்ண மூடிக்கிட்டு வழி விட்டான்னா போதும். அவனுக்கு நம்ம ஊர்ல சிலையே வைப்போம்."

எமரி சிரித்துக்கொள்வார். ஆனால் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு நாள் கோட்டை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"பெர்னி, நீல் நல்லா ஆடணும். அவன் டீம் தோக்கணும். ரெண்டும் ஒண்ணா நடக்கக்கூடாதுன்னு ஒண்ணும் இல்லையே?"

நான் இல்லை என்றுதான் சொன்னேன். நடக்கவும் செய்தது. நவம்பர் முழுக்க பிட்ஸ்பர்க் தோற்றது. நீல் ஒருவனையும் உள்ளே விடவில்லை. எமரி அந்த மாதம் என்றைக்கும் இல்லாத சந்தோஷத்தில் இருந்தார். வாரனுக்குச் சமமாகக் கத்தினார். வீட்டில் அதே ஆட்டங்களை ரோஸலி தனியாக, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

பருவத்தின் கடைசி ஆட்டம். அன்றைக்குப் பிட்ஸ்பர்க் தோற்றால் எங்களுக்கு மூன்றாவது இடம்; ஜெயித்தால் எட்டோ ஒன்பதோ. கடைசி நிமிடங்கள் வரை அவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். கடையில் சத்தமே இல்லை. எது நடந்தாலும் இணையத்தில் கிளீவ்லண்ட் ரசிகர் பக்கத்தில் போட வேண்டும் என்று வாரன் போனைத் தூக்கிப் பிடித்துக் கடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

பிட்ஸ்பர்க் குவார்ட்டர்பேக் எறியப் பின்வாங்கினான். வலது ஓரத்திலிருந்து ஒருவன் தடையில்லாமல் பாய்ந்து அவனை அடித்தான். பந்து நழுவித் தரையில் உருண்டது. எதிரணிக்காரன் ஒருவன் அதை அள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தான். எமரிதான் முதலில் எழுந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "ஓடு, ஓடு" என்று கத்தினார். அவருக்குப் பின்னால் கடை முழுக்க எழுந்தது.

அவன் எல்லைக் கோட்டைத் தாண்டி டச் டவுன் ஆனதும் அதைத் திரும்பக் காட்டினார்கள். அப்போதுதான் நீலைப் பார்த்தோம். எவனோ சறுக்கி அவன் காலில் விழுந்திருந்தான். முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. அதனால்தான் ஓரம் திறந்திருக்கிறது. அத்தனை பேரும் பந்தின் பின்னால் ஓட, அவன் ஒருவன் மட்டும் தரையை அறைந்தபடி கிடந்தான்.

எமரியின் கை இறங்க நேரமானது. நடுவர்கள் கூடிப் பேசுவதைத் திரையில் காட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவர் கேட்டார், "டச் டவுன் செல்லுமா, செல்லாதா?" குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனாலும் கேட்டார். எமரி கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனார்.

செல்லும் என்றார்கள். மூன்றாவது இடம் கிடைத்தது.

வாரன் அந்தப் படத்தை அன்றைக்கே ரசிகர் பக்கத்தில் போட்டுவிட்டான். டிவியில் அக்காள் பையன் விழுந்து கிடப்பது தெரிந்த இடத்தை வெட்டிவிட்டுத்தான் போட்டானாம். அதையே ஒரு மரியாதை மாதிரி என்னிடம் சொன்னான். கடை கொண்டாடுவது மட்டும் இருந்தது. எல்லோருக்கும் முன்னால் ஒரு நரைத்த மனிதர், இரண்டு கையும் மேலே. நீலின் அப்பா என்று எவனோ அடையாளம் கண்டு எழுதிவிட்டான். ஆஸ்பத்திரியில் அறுவைக்குக் காத்திருந்தபோது நீலுக்கு அது பல பேரிடமிருந்து வந்து சேர்ந்தது.

பிப்ரவரியில் ஊன்றுகோலோடு பெற்றோர் வீட்டுக்கு வந்தான். நடந்ததை ரோஸலிதான் என்னிடம் சொன்னாள். இரண்டு நாள் அப்பாவும் மகனும் கூரை ஒழுகுவதைப் பற்றியும் காரின் பிரேக்கைப் பற்றியும் பேசினார்கள். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் நீல் கேட்டிருக்கிறான்.

"நீ பந்து விழுந்ததுக்கு எழுந்தியா, நான் விழுந்ததுக்கா?"

"பந்துக்குத்தான்டா. உன்ன நான் பாக்கவே இல்ல. சத்தியமா."

"அம்மா பாத்துட்டா. வீட்ல உக்காந்து இதே ஆட்டத்ததானே பாத்தா?"

நீல் கோபப்படவில்லை. "நான் நின்ன இடத்துலேர்ந்துதான் பந்து போச்சுப்பா. ரெண்டும் ஒண்ணுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இறைச்சி அடைத்த முட்டைக்கோஸ் உருண்டையைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட ஆரம்பித்தான். ரோஸலி எழுந்து போய் அடுப்படியில் நின்றுகொண்டாள். வாரனை அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குள் விடவில்லை.

ஏப்ரலில் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கும் தேர்வு நாள். கடையில் இடமில்லை. கிளீவ்லண்ட் மூன்றாவதாக யாரை எடுக்கும் என்று வாரம் பூராவும் சண்டை போட்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தது. அந்த இடத்தை வேறு அணிக்கு விற்றுவிட்டதாக அறிவிப்பு வந்தது. பதிலுக்குக் கிடைத்தது, பின்னால் வருகிற இரண்டு மூன்று தேர்வுகள். ஒரு பருவம் முழுக்க வேண்டிக்கொண்ட பையன் வேறு ஊருக்குப் போனான். வாரன் நிர்வாகத்தைத் திட்டித் தீர்த்தான், பில்லைக் கட்டாமல் போனான். எமரி வரவில்லை. வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை.

நீலின் முழங்கால் பழைய மாதிரி ஆகவில்லை. இரண்டாவது அறுவைக்குப் பிறகு மருத்துவர் ஆட வேண்டாம் என்றார். இப்போது கொலம்பஸில் கூரை ஓடு விற்கும் கம்பெனியில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வருவான். பனி பெய்ததா, கார் நன்றாக ஓடுகிறதா என்று இருவரும் கேட்டுக்கொள்வார்கள். ஃபுட்பால் பேச்சு அந்த வீட்டில் எடுபடாது.

தேர்வு நாளுக்குப் பிறகு வந்த செப்டம்பரில் வாரன் கடைக்கு வந்து, அந்த விற்பனையில் கிடைத்ததில் ஒன்று ஹூஸ்டனின் அடுத்த வருடத் தேர்வு, இனி ஞாயிறுதோறும் ஹூஸ்டன் தோற்க வேண்டும் என்றான். டிவியை மாற்றினேன். என் பிழைப்பு அது.

எமரி ஞாயிற்றுக்கிழமை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கூடுதல் சம்பளத்துக்காக என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். ரோஸலி அப்படிச் சொல்லவில்லை. பனியே இல்லாத ஞாயிறுகளிலும் நகராட்சிக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து லாரியின் பனி வாரும் தகட்டுக்குக் கிரீஸ் போடுகிறாராம். ரேடியோகூட வைத்துக்கொள்வதில்லை.