முருகைக்கல்லை நம்பிக் காருக்கு அடியில் புகுந்தேன்

சீமைக்குக் கிளம்பிய துரையிடம் ஆசைக்கு வாங்கிய பழைய காரில், குலுக்கலைத் தாங்கும் பின்பக்கக் கமான் பட்டைகளைப் புத்தகம் பார்த்து நானே மாற்றத் துணிந்தேன். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். வீட்டையே தாங்கும் முருகைக்கல் வண்டியைத் தாங்காதா என்று, கடலில் வெட்டிய அந்தப் பவளப்பாறைக் கல்லை முட்டுக்கொடுத்து, சக்கரங்களைக் கழற்றி, அடியில் புகுந்தேன்.

பக்கத்தில் நண்பன் சூசை இருந்தான். சங்கு எடுக்கக் கடலில் மூழ்குபவர்களைத் தோணியிலிருந்து கயிறு பிடித்து மேலே இழுப்பவன். திடீரென்று என் கால்களைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான்.

“ஏலே, கோட்டி பிடிச்சிருக்கா?” என்று நான் கத்தி முடிப்பதற்குள் கல் நொறுங்கி, நான் கிடந்த இடத்தில் வண்டி இறங்கியது.

“கல்லுல மாவு உதிர்ந்துச்சு. கயிறு பிடிக்கவன் இழுத்துட்டுத்தாம்லே பேசணும்” என்றான் சூசை.

இப்போது முட்டுக்குப் பனங்கட்டை வைக்கிறேன். சூசை வராமல் அடியில் நுழைவதில்லை. அவனும் என் கணுக்காலில் கயிறு கட்டிவிட்டுத்தான் பீடி பற்றவைக்கிறான்.